பிபிஎஃப் ஒட்டலாமா, செராமிக் பூசலாமா? சத்தி ரோட்டில் ஓடும் புது காருக்கு எது தேவை?

கார் டெலிவரி எடுத்த பதினோராவது நாள் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பானெட்டின் முன் விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கார் கருநீலம் என்பதால் நாலடி தள்ளி நின்றாலும் கண்ணில் படுகிறது. புளியம்பட்டி தாண்டி முன்னால் போன டிப்பர் லாரியின் டயரிலிருந்து தெறித்த ஜல்லிக்கல் செய்த வேலை. "டப்புனு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தா இப்படி" என்று கீழே எழுதியிருந்தார்.

கல் பட்டது பெரிய சங்கதி இல்லை. டெலிவரி அன்று 28,000 ரூபாய் கட்டி அந்த காருக்கு செராமிக் கோட்டிங் போட்டிருந்தோம் என்பதுதான் சங்கதி. "இது ஒன்பது எச்சுங்ணா, கல்லு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்" என்று சொல்லித்தான் போட்டார்கள். போட்டோவை அதே இடத்துக்கு அனுப்பியதும் பதில் வேறு மாதிரி வந்தது. "கல்லுக்கெல்லாம் இது தாங்காதுங்ணா. அதுக்கு பிபிஎஃப் போடோணும். ஃபுல் பாடி 1,60,000 வரும், ஜிஎஸ்டி தனிங்."

18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,88,800. எங்கள் வீட்டின் முதல் கார் இது. முன்பணத்தில் பாதி, அப்பா சத்தி பூ மார்க்கெட்டில் மல்லி போட்டுச் சேர்த்த காசு. மீதி ஏழு வருட இஎம்ஐ. "ஏஞ்சாமி, பெயின்ட்டுக்கு மேல பெயின்ட்டு அடிக்கறதுக்கா இத்தனை ரூவா?" என்று அப்பா கேட்டபோது அண்ணனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆன்லைன் டெஸ்க்கில் உட்கார்ந்து தினமும் 'எக்ஸ்பிளெய்னர்' எழுதுகிறவளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். அதனால் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன். கிடைத்தது இது.

முதலில், இரண்டும் ஒரே வகைப் பொருளே இல்லை

ஃபேக்டரியில் இருந்து வரும் காரின் மேல் அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கும். இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்பு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரை வரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன்கூட இதைவிட அதிகமாக இருக்கும்.

செராமிக் கோட்டிங் ஒரு திரவம். சிலிக்கா சார்ந்த வேதிப்பொருளைக் கரைப்பானில் கலந்து சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். அதைத் துணியால் பூசி, துடைத்துவிட்டால், கரைப்பான் ஆவியாகி, மீதி கிளியர் கோட்டோடு பிணைந்து கண்ணாடி போல இறுகிவிடும். இறுகிய பிறகு அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான்.

பிபிஎஃப் என்பது ஒட்டும் ஃபிலிம். பெயின்ட் புரொட்டெக்‌ஷன் ஃபிலிம் என்பதன் சுருக்கம். டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்தான் அதன் உடல். ரப்பர் போல இழுபடும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். தடிமன் 150 முதல் 200 மைக்ரான். செராமிக்கை ஒரு ஏ4 தாள் என்று வைத்துக்கொண்டால், பிபிஎஃப் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 150, 200 தாள். கல்லை எது தாங்கும் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஃபிலிமின் பூர்வீகம் போர்க்களம். வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணலும் சிதறும் துண்டுகளும் அரித்துக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க த்ரீ எம் நிறுவனம் தயாரித்த பாலியூரித்தேன் டேப்தான் இதன் முன்னோடி. பிறகு ரேஸ் கார்களுக்கு வந்து, அங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கு வந்தது. இப்போது வெளிநாட்டு பிராண்டுகளோடு இந்தியாவின் கார்வேர் நிறுவனமும் இதைத் தயாரிக்கிறது.

அப்போ அந்த '9எச்' என்ன?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறோம். ஒன்பது எச் என்றதும் பத்துக்கு ஒன்பது, வைரத்துக்கு அடுத்த இடம் என்று மனதில் ஒரு கணக்கு ஓடும். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்று பள்ளியில் படித்தது அதற்குக் காரணம். ஆனால் 9எச் அந்த அளவுகோலே இல்லை. அது பென்சில் அளவுகோல். எச்பி, 2பி, 2எச் என்று வரைபடப் பென்சிலில் போட்டிருக்குமே, அதேதான். குறிப்பிட்ட எடையில், குறிப்பிட்ட கோணத்தில் பென்சிலைப் பூச்சின் மேல் தள்ளுவார்கள். மிகக் கடினமான 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தப் பூச்சு 9எச்.

பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. ரோட்டில் கிடக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் 7. பென்சில் கீறாததை மணல் தாராளமாகக் கீறும். கல் விஷயம் இன்னும் வேறு. கல் கீறுவதில்லை, இடிக்கிறது. இடியைத் தாங்க கடினம் போதாது, உள்வாங்கும் தன்மை வேண்டும். கண்ணாடி கடினமானது, ஆனால் உடையும். செருப்பு ரப்பர் மெத்தென்றிருக்கும், ஆனால் உடையாது. பிபிஎஃப் வேலை செய்வது அந்த ரப்பர் வழியில்.

'கிராஃபீன் கோட்டிங்', '10எச்' என்று இப்போது புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன. கல்லைப் பொறுத்தவரை அவையும் சில மைக்ரான் பூச்சுதான்.

செராமிக் வேஸ்ட்டா?

இல்லை. எதற்காக இருக்கிறதோ அதைச் செய்கிறது. செராமிக் போட்ட பரப்பில் தண்ணீர் படியாது. முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். சேறும் தூசியும் இறுக ஒட்டாது. அழுத்தித் தேய்க்காமலே கார் சுத்தமாகும். இதுதான் அதன் பெரிய லாபம் என்பேன். ஏனென்றால் நம் ஊர் கார்களில் வெயிலில் தெரியும் சிலந்திவலை போன்ற கீறல்களில் பாதிக்கு மேல் ரோட்டில் வந்தவை அல்ல, துடைக்கும்போது வந்தவை. காலையில் எழுந்ததும் காய்ந்த துணியை எடுத்து தூசியோடு சேர்த்து ஒரு தேய் தேய்ப்பது நமக்குப் பழக்கம். அது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். செராமிக் போட்டாலும் அந்தத் துணியை விடாவிட்டால் கீறல் வரும். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, ஷாம்பூவும் மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக் கழுவுவதுதான் முறை.

பறவை எச்சம், மரப்பால் விஷயத்திலும் செராமிக் உதவும், ஆனால் அவகாசம் கொடுக்கிற அளவுக்குத்தான். எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய கிளியர் கோட்டில் அது காய்ந்தால் தழும்பு விழும். புளியமரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வந்து "செராமிக் போட்டேனே" என்றால் நியாயம் கிடைக்காது. ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: உப்புத் தண்ணி. ஆத்துத் தண்ணீர் குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும். கார் கழுவுவது பெரும்பாலும் போர் தண்ணியில்தான். அதில் கால்சியம் அதிகம். செராமிக் பரப்பில் நீர் முத்துகளாக நிற்கும் இல்லையா? அந்த முத்து வெயிலில் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு வட்டமாகத் தங்கிவிடும். கறுப்பு, கருநீலக் காரில் அம்மை வார்த்த மாதிரி இருக்கும். நாள்பட விட்டால் பாலிஷ் போட்டால்தான் போகும். அதனால் நிழலில் கழுவி, உடனே துடைத்து உலர்த்தும் பொறுமை இல்லாதவர்களுக்கு செராமிக் சில நேரம் தலைவலியைக் கூட்டவே செய்யும். இதை எந்தக் கடையிலும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பிபிஎஃப் எல்லாவற்றையும் தாங்குமா?

அதுவும் இல்லை. சின்ன ஜல்லி, மணல், வேலிமுள் உரசல், நகக்கீறல், பார்க்கிங்கில் லேசான தேய்ப்பு எல்லாம் தாங்கும். நல்ல ஃபிலிமின் மேல்பூச்சுக்கு 'செல்ஃப் ஹீலிங்' உண்டு. மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானாக மூடிக்கொள்ளும். ஃபிலிமையே கிழித்த ஆழமான வெட்டு மூடாது. பெரிய கல் வேகமாக வந்தால் ஃபிலிமும் ஓட்டையாகும். பள்ளம் விழுவதை இரண்டுமே தடுக்காது. திம்பம் ஏறும்போது கரும்பு லாரிக்காகக் காத்திருக்கும் யானை வந்து உரசினால், அதற்கு எந்த பேக்கேஜும் கிடையாது.

விளையாட்டு இருக்கட்டும். சத்தி பக்கம் ஓட்டுகிறவர்கள் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதைதான் ஆபத்து என்று தோன்றும். பெயின்ட்டைப் பொறுத்தவரை அது தலைகீழ். மலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். கல்லின் இடி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது; 60-ல் படும் கல்லைவிட 80-ல் படும் கல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு வலுவாக அடிக்கும். அண்ணன் தினமும் போய்வரும் சத்தி, புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி ரோடு சமவெளி. அங்கேதான் வேகம், அங்கேதான் டிப்பர். காலையில் பண்ணாரி சோதனைச் சாவடி திறந்து மலைப்பக்கத்து லாரிகள் வரிசையாக இறங்கிவரும் நேரத்தில் அவற்றின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவது, காசு கொடுத்துக் கல்லடி வாங்குவது மாதிரி. நாலு வண்டி நீளம் தள்ளிப் போனால் தெறிக்கும் கல்லில் பெரும்பகுதி ரோட்டிலேயே விழுந்துவிடும். இதற்குச் செலவு பூஜ்யம்.

அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டரை ஓவர்டேக் செய்யும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பக்கவாட்டுக் கதவில் கோடு இழுக்கும். அதற்கு பிபிஎஃப் நன்றாகவே உதவும்.

காசு கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

'பிபிஎஃப்' என்று விற்பதெல்லாம் டிபியு கிடையாது. மார்க்கெட்டில் 'டிபிஎச்' என்ற பெயரில் பாதி விலைக்குக் கிடைப்பது அடிப்படையில் பிவிசி. ஒட்டிய அன்று இரண்டும் ஒரே மாதிரி மின்னும். ஒன்றிரண்டு வெயில் காலம் போனால் பிவிசி மஞ்சளடித்து, இறுகி, உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். கடையில் ஒரு சாம்பிள் துண்டு கேளுங்கள். இழுத்துப் பாருங்கள். டிபியு நன்றாக நீண்டு, விட்டால் சுருங்கும். ரோலின் பெட்டியைக் காட்டச் சொல்லி, அந்த ரோல் நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலேயே பதிந்து வாரன்டி வாங்குங்கள். கடைக்காரர் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கும் 'பத்து வருஷம்', அந்தக் கடை இருக்கும்வரைதான். வாரன்டி எதற்கு என்பதையும் படியுங்கள். மஞ்சளாதல், வெடிப்பு, உரிதல் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் இருக்கும். கல்லடிக்கு இருக்காது.

ஒட்டுகிறவரின் கைதான் பாதி வேலை. காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டுவது ஒரு முறை. உங்கள் மாடலின் அளவைக் கம்ப்யூட்டரில் எடுத்து பிளாட்டரில் வெட்டிக்கொண்டு வந்து ஒட்டுவது இன்னொரு முறை. முதல் முறையில் கை கொஞ்சம் அழுத்தினால் பெயின்ட்டில் பிளேடு கோடு விழும். அது ஃபிலிமை உரிக்கும் நாளில்தான் தெரியவரும். எந்தக் கடை என்று முடிவு செய்யும் முன், அவர்கள் இரண்டு வருடம் முன் செய்த காரைக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களில் கறுப்பாக அழுக்குக் கோடு தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். புது வேலையைக் காட்டும் இன்ஸ்டாகிராம் ரீல் இதற்கு உதவாது.

செராமிக்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் அங்கே வேறு ஒன்று. பூசுவதற்கு முன் பெயின்ட்டைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் பாலிஷ் போட்டுக் கீறலை எடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பூசினால் கீறலுக்கும் சேர்த்துப் பூட்டு போட்ட மாதிரி. அதே நேரம் ஒவ்வொரு முறை மெஷின் பாலிஷ் போடும்போதும் கிளியர் கோட் ஓரிரு மைக்ரான் தேயும். இருப்பதே 40, 50. 'வருஷா வருஷம் பாலிஷ் ஃப்ரீ' என்பதை நான் ஆஃபராக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ரீ-பெயின்ட் செய்த கார் என்றால் பிபிஎஃப்பில் கூடுதல் கவனம் வேண்டும். ஃபேக்டரி பெயின்ட் போல அது இறுகிப் பிடித்திருக்காது. பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். செகண்ட் ஹேண்டில் விற்கும்போது இன்னொன்று: வாங்க வருகிறவர் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்தால் ஃபிலிமையும் சேர்த்து 300 மைக்ரான் என்று காட்டும். "பட்டி பார்த்த வண்டி" என்று விலையைக் குறைப்பார். பில்லை எடுத்து வைத்திருங்கள்.

கலர் ஃபிலிம், மேட் ஃபிலிம் ஆசை இருப்பவர்கள் ஆர்சி புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் நிறமும் ரோட்டில் ஓடும் நிறமும் வேறாக இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை மாற்ற வேண்டும். நிறமில்லாத பிபிஎஃப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் முற்றிலும் வேறு விஷயம். அதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்துவிட்டது.

சரி, யாருக்கு எது?

கோவை மார்க்கெட்டில் கேட்டுப் பார்த்தால் செராமிக் பெரும்பாலும் 15,000-ல் தொடங்கி 40,000 வரை சொல்கிறார்கள். முழு காருக்கு நல்ல டிபியு பிபிஎஃப் என்றால் வண்டியின் அளவைப் பொறுத்து ஒரு லட்சத்தைத் தாண்டி இரண்டு லட்சம் வரைகூடப் போகும். பத்து லட்ச ரூபாய் காருக்கு இரண்டு லட்சத்தில் சட்டை என்பது, என் பார்வையில், அதிகம். கல் படுவது முன்பக்கம்தான். முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர், சைடு மிரர், ஹெட்லைட் இவற்றுக்கு மட்டும் ஒட்டினால் பாதி விலைக்குள் முடியும். கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு, டிக்கியில் சாமான் ஏற்றி இறக்கும் ஓரம் இவற்றைச் சேர்த்துக்கொண்டால் அன்றாட உரசலில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இரண்டுமே போடாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான். பெரும்பாலான கார்களில் பம்பர் பிளாஸ்டிக். அதில் கல் பட்டால் அழகு போகும், துரு வராது. பானெட்டில் பிரைமர் வரை போய் இரும்பு தெரிந்தால்தான் உடனே கவனிக்க வேண்டும். கார் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும் கலர் கோடைச் சொல்லி சில நூறு ரூபாய்க்கு டச்-அப் பெயின்ட் வாங்கி வைத்துவிடலாம். இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிளைம் போடாதீர்கள். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளைம் போனஸ், ஒரே ஒரு பம்பர் பெயின்ட்டுக்காக மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அண்ணன் கடைசியில் பானெட், பம்பர், ஃபெண்டர், மிரர் மட்டும் போதும் என்று முடிவு செய்தார். கோவையில் வேறொரு கடைக்குப் போனால் அங்கே அடுத்த அதிர்ச்சி. செராமிக் பூசிய பரப்பில் எதுவும் ஒட்டாது. ஃபிலிமும் ஒழுங்காகப் பிடிக்காது. முதலில் பிபிஎஃப், வேண்டுமென்றால் அதற்கு மேல் செராமிக். அதுதான் வரிசை. இப்போது முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு அந்த 28,000 ரூபாய்ச் செராமிக்கை எடுத்துவிட்டுத்தான் ஒட்ட முடியும். அந்தப் பாலிஷுக்கும் தனிக் காசு.

அந்த வெள்ளைப் புள்ளியை டச்-அப் பெயின்ட்டால் மூடி, காயவிட்டுப் பிறகு ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தெரியத்தான் செய்யும் என்றார்கள். "இருக்கட்டும், திருஷ்டிப் பொட்டு" என்கிறார் அப்பா. வேலைக்கு மூன்று நாள் ஆகுமாம். அதுவரை அண்ணன் சரவணம்பட்டிக்கு பஸ்ஸில் போய் வருகிறார்.